பழைய சட்டம்

அங்கே இரவு எட்டு மணி,
இங்கே பதினொன்றரை.
துய்மா வீதி சங்கத்து டிவியில்
மேலிருந்து கீழாக அவர் முகம் இறங்கிவர
முசே தைரியநாதன் கைத்தடியால் தரையைத் தட்டினார்.
முசே சவரிராயன் எழுந்து செருப்பைத் தேடினார்.
நான் டம்ளர் பொறுக்கினேன்.

ஐந்து வருஷத்துக்கு முன் தோற்றுப் போன மனுஷன்
மறுபடி ஜனாதிபதி.
எனக்கு ஓட்டில்லாத தேசத்துக்கு.

(அறுபத்திரண்டில், கையெழுத்துப் போடக் கடைசி நாளன்று,
முத்தியால்பேட்டையில் எங்கள் மாமனார் வீட்டு மாடு
கன்று போட்டுவிட்டதாம். அவர் போகவில்லை.
தம்பி போனார்.
தம்பி பேரன்களுக்குத் துலூசில் வீடு.
எங்களுக்கு அந்த மாடு.)

காலையில் செயலாளர் போன் பண்ணினார்.
"படத்தை மாத்திடு ரெஜினா.
புதுப் படம் பாரீசிலிருந்து வர மூணு மாசம் ஆகும்.
பழசு இருக்குமில்ல? எங்கே வச்சே?"
பத்திரமாக இருக்கிறது என்றேன்.
எங்கே என்று சொல்லவில்லை.

அவர் தோற்ற வருஷம்
புதுச் சட்டம் வாங்கச் சொல்லிக் கொடுத்த காசில்
என் பையனுக்கு ஸ்கூல் ஷூ வாங்கினேன்.
ஜெயித்தவரைப் பழைய சட்டத்திலேயே,
தோற்றவருக்கு முன்னால் செருகினேன்.
அதனால் அவர் எங்கேயும் போகவில்லை.
ஐந்து ஜூலை பதினாலும் அங்கேயேதான் இருந்தார்,
எதிராளியின் முதுகில் மூக்கு அழுந்த,
கண்ணாடி இல்லாமல், கண்ணை மூடாமல்.
மெடல் குத்திக்கொண்டு வந்தவர்கள்
முன்னால் இருந்தவருக்கு வைத்த சலாமில்
பாதியாவது அவருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

மேசையில் கவிழ்த்துப் போட்டு
திருப்புளியால் குட்டி ஆணிகளை நெம்பினேன்.
அட்டை ஊறி அப்பளமாக உப்பியிருந்தது.
நம் ஊர்க் காற்றுக்குக் கட்சி ஏது,
இரும்பையும் தின்னும், காகிதத்தையும் தின்னும்.
இருவரும் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.
பிளேடு வைத்து, ஊதி ஊதிப் பிரித்தேன்.
பாதிக்கு மேல் சமர்த்தாக வந்தது.
கடைசியில் ஒரு சின்னச் சத்தம்.
இன்றைக்குத் தோற்றவரின் வெள்ளை முதுகில்
ஜெயித்தவரின் இடது புருவம்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.
வேலை போனால் என்ன சொல்வது வீட்டில்?
மாடு கன்று போட்டது என்றா?

பிறகு பைக்குள் துழாவி
மகளின் புருவப் பென்சிலை எடுத்தேன்.
மயிர் மயிராக,
கல்யாணப் பெண்ணுக்குத் தீட்டுகிற மாதிரி,
ஒரு குடியரசின் தலைவருக்கு.
வலது பக்கத்தைப் பார்த்துப் பார்த்து எழுதியும்
இடது கொஞ்சம் தூக்கலாக வந்துவிட்டது.
வலதையும் தொட்டுச் சரி பண்ணினேன்.

மற்றவரை எறியவில்லை.
ஒருதரம் எறிந்திருந்தால்
இன்றைக்கு எங்கே போயிருப்பேன் நான்?
அவரைப் பின்னால் வைத்தேன்.
இந்தத் தடவை நடுவில்
நேரு வீதி ஜவுளிக்கடை பாலிதீன் பையைக் கத்தரித்து
ஒரு தாள்.

பதினொரு மணிக்கு முசே சவரிராயன் வந்தார்,
இரண்டு சுற்றிலும் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்.
படத்துக்குக் கீழே நின்று
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.
"அப்படியே இருக்கான் பார், திரும்பி வந்தவன்.
புருவத்துக்கு மட்டும் மை அடிச்சிருக்கான்.
அரசியல்வாதிக்கு எல்லாம் சாயம், ரெஜினா."

ஆமாம் முசே என்றேன்.

"ஃபேன் போடு."
போட்டேன்.
சட்டம் ஆணியில் லேசாக ஆடி
சுவரை இரண்டு தரம் தட்டியது.
உள்ளே பாலிதீன் சரசரத்தது.
அவருக்குக் காது கேட்காது.