உள்ளூர் இலக்கம்

பத்தரைக்கு லிஃப்டை நிறுத்திவிடுவோம் என்று
காவலாளி வந்து சொன்னபோது
நீலக் கேபிளைப் பல்லில் கடித்தபடி
திருகாணி தேடிக்கொண்டிருந்தேன்.
கோட்டை, யோர்க் வீதி, ஏழாம் மாடி.

நாளை ஒன்பது மணிக்கு மூதூர்க் கிளையில்
அடகு மீட்க ஆட்கள் வந்து நிற்பார்கள்.
அதற்குள் எக்ஸ் இருபத்தைந்தைக் கழற்றிவிட்டு
பிரேம் ரிலே ஏற்றவேண்டும்.

பழையது பதிவுத் தபால்காரன்.
சந்திக்குச் சந்தி நின்று
கையெழுத்து வாங்காமல் நகராது.
புதியது
சிதைந்து வந்த பொதியை
ஒரு சொல்லும் சொல்லாமல் எறிந்துவிடும்.
வேண்டியவன் திரும்பக் கேட்கட்டும்.
அதனால்தான் வேகம்.

சீரியல் பூச்சியம். பழைய வரிகளை அழித்தேன்,
புதிய வரிகளைத் தட்டினேன்.
வயர் உண்டு, பேச்சு இல்லை என்றது திரை.
பத்துச் செக்கனுக்கு ஒருதரம் ரூட்டர்
எக்ஸ்சேஞ்சைக் கேட்கிறது: இருக்கிறாயா?
மூன்று தரம் பதில் இல்லையென்றால்
இல்லை என்றே எழுதிக்கொள்கிறது.
கேட்கும் பாஷையை மாற்றிப் பார்த்தேன்.
இருக்கிறேன் என்றது.

ஆனால் சுற்றுக்கு நேரே: அழிக்கப்பட்டது.
செத்துப்போனது என்று அர்த்தமில்லை.
அப்படி ஓர் இலக்கத்தை
அங்கே யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

மருதானையிலிருந்து அசங்க சிரித்தான்:
"மிஸ், அது நூற்றியொன்று இல்லை, நூற்றியேழு.
என்ட கையெழுத்து அப்படித்தான்."

ஏழு போட்டேன். அழிக்கப்பட்டது போய்
செயலற்றது வந்தது.
என் பக்கம் சரி. அந்தப் பக்கம் யாரும் இல்லை.

அந்தப் பக்கம் ஹிஜாஸ் இருந்தான்,
வாய்க்குள் சோற்றோடு, ஜெனரேட்டர் இரைச்சலோடு.
எழுத்தெழுத்தாகச் சொன்னேன், எழுத்தெழுத்தாகத் தட்டினான்.
"இலக்கம் முப்பத்திரண்டு" என்றதும் நிறுத்தினான்.
"உங்களுக்கு நூற்றியேழு, எனக்கு மட்டும் ஏன் மிஸ் முப்பத்திரண்டு?"

ஒரே பாதைதான். ஆனால் இலக்கம்
இங்கிருந்து முதல் சந்தி வரைக்கும்தான் செல்லும்.
அதற்கு அப்பால் வேறு பெயர்.
இதைச் சொன்னேன்.
வெள்ளவத்தையில் பதிந்த பொலிஸ் துண்டு
கொட்டாஞ்சேனைக்கு அறை மாறியபோது செல்லாமல் போனதையும்
புதிய துண்டு பர்ஸுக்குள் நாலாக மடிந்திருப்பதையும்
சொல்லவில்லை.

இன்னொரு வரி மிச்சம்.
நெரிசல் வந்தால் முதலில் எதை எறியலாம் என்று
அனுப்புகிறவளே குறியிட்டுக் கொடுக்கவேண்டும்.
மின்னஞ்சலுக்குக் குறி வைத்தேன்.
அடகுக் கணக்குக்கு வைக்கவில்லை.
ஒரு சங்கிலி, இரண்டு காப்பு, யாரோ ஒருத்தியின் தாலிக்கொடி
அந்த வழியால் வரும்.

பிங்.
ஐந்து புள்ளி.
"ஹிஜாஸ், கேபிள்?"
"ஆ... பொறுங்க மிஸ், மற்ற ஓட்டைல குத்திட்டன்."
ஐந்து ஆச்சரியக்குறி.

"பச்ச லைட் பத்துது மிஸ். பூட்டிட்டுப் போகவா?"
போ என்றேன். போனபிறகும்
இன்னும் இரண்டு தரம் பிங் அடித்தேன், காரணமில்லாமல்.

லிஃப்ட் இல்லை. நூற்றுச் சொச்சம் படி.
ஆமர் வீதிச் சந்தியில் ஓட்டோவை மறித்தார்கள்.
டோர்ச் முதலில் அடையாள அட்டையில்,
பிறகு நாலு மடிப்புத் துண்டில்,
பிறகு என் முகத்தில் நின்றது.
எண்ணினேன்.
ஏழாவது செக்கனில்
யன்ன என்று கையசைத்தான்.