அல்லகுறி

வரைபடத்தில் காடு வெள்ளை நிறம்.
தடையில்லாமல் ஓடலாம் என்று பொருள்.
பச்சை என்றால் சிக்கு, புதர், கன்னத்தில் கிளை.
ஹான்யா மேட்டில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்,
இங்கே பிள்ளைகள்
எழுத்துக்கு முன்னால் உயரக்கோடு படிக்கிறார்கள்.

புதன்கிழமைப் பயிற்சிக்குப் பதினாலு குறி.
திங்கள் மாலை நான் நாடா கட்டுவேன்,
செவ்வாய் காலை உர்மோ வந்து சரிபார்ப்பான்.
கட்டியவரே சரிபார்க்கக் கூடாது. விதி.
சேர்ந்தே போய்வரலாமே என்றாள் கழகத்து மைரே,
பிறகு நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
பிரிந்து மூன்று வருஷம்.
ஒரே காடு, ஒரு நாள் இடைவெளி:
எங்களுக்கு அதுதான் தோது.

எண்கள் முப்பத்தொன்றில் தொடங்கும்.
முப்பத்திரண்டு, பாறையின் மேற்குப் பக்கம்.
முப்பத்தைந்து, சதுப்பின் மூக்கு; காலுறை நனைந்தது.
முப்பத்தேழு, குழி.

குஞ்சு வாய் திறந்ததுபோல் பழுப்பு மையில் ஒரு துளிக் குறி.
பாதை முனையிலிருந்து கிழக்கே நூற்றிருபது மீட்டர்.
எண்பத்தோரு இரட்டையடி எனக்கு.
எண்ணிக்கொண்டு போனேன்.
அறுபதில் ஒரு எல்க் எழுந்து நின்று
என்னை வரி வசூலிக்க வந்தவள்போல் பார்த்தது.
எண்ணிக்கை போயிற்று.
ஆனாலும் குழி கிடைத்தது,
அடியில் மே மாதத்து அழுக்குப் பனி,
விளிம்பில் ஸ்புரூஸ்.
கட்டினேன்.

செவ்வாய் இரவு செய்தி:
"37 தவறு. அது மரம் சாய்ந்த பள்ளம்.
குழி முப்பது மீட்டர் தெற்கே. மாற்றிவிட்டேன்."
மூன்று முற்றுப்புள்ளியும் சரியாக வைத்திருந்தான்.

மரம் சாய்ந்ததென்றால் வேர் எங்கே?
எழுதி, அழித்தேன்.
புதன் விடிகாலை, வேலைக்கு முன், காட்டில் நின்றேன்.
அவன் குழியும் குழிதான்.
வட்டம், பாசி, இடுப்பளவு ஆழம்.
என் நாடாவை அவிழ்த்து எறியவில்லை அவன்;
நாலாய் மடித்துக் கல்லுக்கடியில் வைத்திருந்தான்.

இந்த வரைபடத்தைப் பத்தொன்பது வருஷத்துக்கு முன்
நாங்கள்தான் வரைந்தோம்.
அவன் அடி அளந்தான், நான் பலகை பிடித்தேன்.
மழை பிடித்துக்கொண்டது,
ஒரு குழியில் இறங்கி, ஒரே தார்ப்பாய்க்குள்,
கறுப்பு ரொட்டியும் நெத்திலியும் தின்றோம்.
எந்தக் குழி?
இரண்டிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தேன்.
ஈரம் ஒன்றுபோலவே இருந்தது.

மாலை இருபத்திரண்டு பேர் ஓடினார்கள்.
கொடி அவன் குழியில்.
பத்து வயது லேலோ, முழங்காலெல்லாம் சேறு,
முடிவுக்கோட்டில் மூச்சு வாங்க வந்து சொன்னாள்:
"முப்பத்தேழில் ரெண்டு குழி இருக்கு.
படத்தில் ஒண்ணுதான்."

"தெரியும்" என்றோம்,
இரண்டு பேரும், ஒரே சமயத்தில்.
மைரே தேநீர்க் குடுவையை மிகக் கவனமாக மூடினாள்.

உர்மோ பென்சிலுக்காகப் பையைத் துழாவினான்.
என்னிடம் இருந்தது. கொடுக்கவில்லை.
காரின் மூடிமேல் படத்தை விரித்து
நானே வரைந்தேன்,
பழைய குறியிலிருந்து மூன்று மில்லிமீட்டர் தள்ளி,
இன்னொரு திறந்த வாய்.

பழையது யாருடைய குழி என்று
இன்னும் முடிவாகவில்லை.
வரைந்தவள் நான்,
சரிபார்க்க அவன்தான் போக வேண்டும்,
சனிக்கிழமை.
மழை வரும் என்கிறார்கள்.