புருவம்

அக்டோபர் பதினொன்றாம் தேதி வந்து இறங்கினேன்.
விமானத்தில் நானும் ஏழு பேரும்,
மீதி இடமெல்லாம் முட்டை, டயப்பர், ஒரு ஸ்னோமொபைல் எஞ்சின்.
முன்பனிக்கும் பின்பனிக்கும் நடுவே
வேறெந்தப் பருவமும் நுழைய இடம் கொடுக்காத ஊர்.
தெருவுக்குப் பெயர் கிடையாது. வீட்டுக்கு எண் உண்டு.
எண்களும் வரிசையாக நிற்பதில்லை:
காற்றுக்கு முதுகு காட்டி
அவரவர் இஷ்டத்துக்குக் கட்டியிருக்கிறார்கள்.

தண்ணீர் லாரி ஓட்டும் வேலை.
உறைந்த மண்ணுக்குள் குழாய் பதிக்க முடியாது,
ஆகவே ஏரி லாரியில் ஏறி வீடு வீடாகப் போகிறது.
கைவந்த காரியத்தைத்
தண்ணீர் பட்ட பாடு என்போமே,
தண்ணீர் படும் பாட்டை இங்கே வந்து பார்க்கவேண்டும்.
ஹோஸ் வாயில் சொட்டும் கடைசித் துளி
தரையைத் தொடுமுன் மனம் மாறிவிடுகிறது.
முதல் வாரமே கையுறை வால்வில் ஒட்டிக்கொண்டது.
கையை மட்டும் உருவி எடுத்தேன். கையுறை
மாலைவரை அங்கேயே
யாருக்கோ டாட்டா காட்டிக்கொண்டிருந்தது.

318.
ஊலீபீக்கா கதவருகில் நிற்கிறாள்.
"நிரம்பிவிட்டதா?"
பதில் இல்லை.
கொஞ்சம் சத்தமாக: "நிரம்பிவிட்டதா?"
என்னைப் பார்க்கிறாள், அவ்வளவுதான்.
திமிர் என்று நினைத்தேன்.
பிறகு, காது கேட்காதோ என்று.
மூன்றாம் முறை நான் கேட்டு முடிப்பதற்குள்
டேங்க் வழிந்து, படிக்கட்டு முழுக்கக்
கண்ணாடி வார்த்தாகிவிட்டது.
அவள் உள்ளே போய் ஒரு கடப்பாரையோடு வந்தாள்.
என்னிடம் கொடுக்கவில்லை. தானே கொத்தினாள்.
நான் அள்ளி எறிந்தேன்.
அரை மணி நேரம், இரண்டு பேர், ஒரு சொல் இல்லை.

கண்டுபிடித்தது கோ-ஆப் கடை வரிசையில்.
முன்னால் நின்ற நாலு வயதுப் பயலிடம்
"பை வேண்டுமா?" என்றாள் கல்லாவில் இருந்தவள்.
அவன் மூக்கைச் சுருக்கினான். அவள் பை கொடுக்கவில்லை.
"ரசீது?"
புருவம் ஏறி இறங்கியது. கிழித்துக் கொடுத்தாள்.
அப்படியே நின்றுவிட்டேன், கையில் உறைந்த கோழியோடு.
மூக்கு, இல்லை. புருவம், ஆம்.
பாதி முகத்தைத் துணிக்குக் கொடுத்துவிட்ட ஊரில்
வாய் எதற்கு?
318இல் அவள் மூன்று முறை ஆம் என்றிருக்கிறாள்.

என்மேலும் புகார் இருந்தது.
லூசாசி, இருபத்திரண்டு வயது, என் மேலாளர்,
"சனிக்கிழமை சீல் வேட்டைக்கு வருகிறாயா?" என்று கேட்டான்.
தலையை ஆட்டினேன், நம் ஆட்டல்,
இடமும் இல்லாமல் வலமும் இல்லாமல்.
சனிக்கிழமை ஆறு மணிக்கே பூட்ஸ் மாட்டி உட்கார்ந்திருந்தேன்.
அவன் நான் இல்லாமல் போய்விட்டான்.
திங்களன்று ஒரு துண்டு கறி மட்டும் வந்தது,
"கழுத்து வலி சரியாயிற்றா?" என்ற விசாரிப்போடு.

ஜனவரியில் மூன்று நாள் பனிப்புயல். லாரி நகரவில்லை.
நாலாம் நாள், மைனஸ் நாற்பத்தொன்று,
முதல் வீடே 318.
டேங்க் காலியாகி ஒன்றரை நாள் என்றாள், வாயால்.
குற்றவாளியைப் போல ஹோஸை இழுத்தேன்.
முடிந்ததும் உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தாள்.
அடுப்பில் இன்னொரு பானை. அதில்
நீலம் கலந்த கட்டி ஒன்று மெல்லச் சரிந்து உருகியது.
கடலில் நிற்கும் பனிப்பாறையிலிருந்து வெட்டி வந்ததாம்.
"உன் தண்ணீர் பாத்திரம் கழுவ. தேநீருக்கு ஆகாது."
ஊரைக் காப்பாற்றுகிறவன் நான் என்று
யாரிடமும் சொல்லாமல் லாரியில் வைத்திருந்த நினைப்பு
ஒரே மடக்கில் இறங்கியது.
ருசியாகத்தான் இருந்தது.

"அடுத்த வருஷமும் இருப்பாயா?"

இமையைப் பிடித்த பனி இன்னும் விடவில்லை.
புருவத்தைத் தூக்கினேன். வலித்தது.
கூடவே, என்னைக் கேட்காமல், தலையும் ஆடியது.
எதை நம்புவதென்று ஊலீபீக்கா
இரண்டையும் பார்த்தாள்.
கோப்பையில் மறுபடி ஊற்றினாள்.

வெளியே எஞ்சினை அணைக்காமல் வந்திருந்தேன்.
402இன் ஜன்னலில் யாரோ.