பொழிமுகம்

இரவு பதினொன்றரை.
ரவுட்டரின் பக்கத்தில் 51413 என்று எழுதிச் சேமித்தேன்.
சேமித்தாயிற்று என்றது.
திறந்திருக்கிறதா என்று சோதித்தேன்.
மூடியிருக்கிறது.
வேறு எண்.
மூடியிருக்கிறது.

நாற்பத்திரண்டு ஜிபி.
பதினேழு நாள் எங்கள் படகின் சோனார்
கடலின் அடியைத் தடவித் தடவிப் பதிந்தது.
எந்தப் பாரின் எந்தச் சரிவில்
எத்தனை பாகத்தில் சூரை நின்றதென்று
எல்லாம் இதில் இருக்கிறது.
படகிலிருந்த டிஸ்க்கில் உப்புத்தண்ணீர் இறங்கிவிட்டது.
மிச்சம் என் மேசைக்கடியில் இருக்கும் பிரதி மட்டும்.

கிளவுடில் ஏற்ற லிட்வின் சம்மதிக்க மாட்டான்.
பாரைக் காட்டினா படகையே குடுத்த மாதிரி என்பான்.
என் கணினியிலிருந்து அவன் லேப்டாப்புக்கு நேராகப் போகவேண்டும்,
நடுவில் ஒரு கை படாமல்.
அவன் முனம்பத்தில் இருக்கிறான்.
தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயில் மணல் ஏறிக் கிடக்கிறது,
எங்கள் படகு எங்கள் ஊருக்கு வருவதில்லை.
விடிந்தால் புறப்பாடு.

கேபிள்கார ததேயுவை எழுப்பினேன்.
"பிள்ளே, ஒனக்க ரவுட்டர்ல நீ என்னத்தத் தொறந்தாலும்
அதுக்கு வெளியில எனக்க பெட்டி ஒண்ணு உண்டு.
அதுக்கும் வெளியில கம்பெனிக்க பெட்டி.
நானூறு வீட்டுக்கு ஒரே விலாசம்.
வெளிய நிண்ணு வாறவனுக்கு
நீ எந்த வீடுண்ணு எப்பிடித் தெரியும்?"
தனி விலாசம் மாதம் அறுநூறு,
திங்கட்கிழமை ஆள் வரும்.
இன்று புதன்.

லாட்ஜ் வைஃபையும் அப்படித்தான்.
இரண்டு பக்கமும் மணல்.

ஆனியில் ஆறு பெருகி வீட்டுப்படி தொட்டபோது
இரையுமன்துறையில் பொழி வெட்டினார்கள்.
ஆற்றுப் பக்கம் நின்றுதான் வெட்டுவது.
கடலில் நின்று மண்வெட்டி போட்டவன் ஒருத்தனுமில்லை.
ஒரு முழம் அகலம் போதும்,
மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்.

இந்தப் பெட்டிகளுக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது:
தானாக வருகிறவனை விடாது.
உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டிருந்தால்
வருவதைப் பதில் என்று எண்ணி விட்டுவிடும்.
ஆகவே இருவரும் ஒரே சமயத்தில் கூப்பிட வேண்டும்.
அவன் கதவில் என் முதல் குரல் மோதிச் சாகும்,
என் கதவில் அவனுடையது.
இரண்டாவது குரல் பதிலாகி நுழையும்.

சொல்ல எளிது.
படகில் என் பங்கை விற்கச் சொன்ன நாளிலிருந்து
ஒன்பது நாளாக நாங்கள் பேசவில்லை.
யார் முதலில் என்பதுதான் வீட்டில் எப்போதும் வழக்கு.

சென்னையில் ஒரு வாடகை சர்வர் உண்டு, மாதம் முந்நூற்றைம்பது.
தரகன் மாதிரி அது
இவள் எண்ணை அவனுக்கும்
அவன் எண்ணை இவளுக்கும் சொல்லி ஒதுங்கிவிடும்.
12:20, தோல்வி.
அவன் செல்போன் வழியாக வந்திருக்கிறான்,
ஆளுக்கொரு கதவெண் காட்டும் நெட்வொர்க்.
'வைஃபைக்கு மாறு' என்று தட்டினேன்.
ஒன்பது நாளில் என் முதல் வார்த்தை.
'மாறிட்டேன்'.

12:41.
ஒரு பச்சைக்கோடு ஒரு முழம் வந்தது,
நின்றது,
பிறகு தானே அகலமாயிற்று.

பேச்சு ஓய்ந்தால் பெட்டி மறந்துவிடும், கதவை மூடிவிடும்.
இருபத்தைந்து விநாடிக்கொரு தரம்
எதையாவது அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும்,
வெறும் பொட்டலமானாலும்.
கோப்பு ஓடும்வரை அந்தக் கவலை இல்லை.

3:52க்குக் கடைசித் துண்டும் போய்ச் சேர்ந்தது.
நிறுத்து என்று அவன் எழுதவில்லை.
நான் கட்டன்சாயா போட்டேன்.
பங்கைப் பற்றி இரண்டு வரி தட்டி, அழித்தேன்.
ஐந்தேகாலுக்கு அவன் பக்கம் அணைந்தது.
லேப்டாப் படகேறியிருக்கும்.

என் பக்கம் இன்னும்
இருபத்தைந்து விநாடிக்கொருமுறை
ஒன்றுமில்லாததை அனுப்பிக்கொண்டிருக்கிறது,
முனம்பத்தில்
பூட்டிக் கிடக்கும் ஓர் அறைக்கு.