இருபத்தெட்டாம் நாள்

கோரிமேட்டில், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில்
அஞ்சலாட்சியிடம் நான் கேட்டது இதுதான்:
மருந்து ஏழு நாளா, பதினாலு நாளா,
எண்பத்து மூன்றாம் உறை முடிவு செய்யட்டுமா?

"உங்களுக்கே தெரியாதா?"
தெரியாதும்மா. அதனாலதான் ஆய்வு.
கொஞ்ச நேரம் என் செருப்பையே பார்த்தாள்.
பிறகு கட்டைவிரலை நீட்டினாள்.
உறைக்குள் ஏழு இருந்தது.

கலிவரதன் பிழைத்தார்.
தொண்டைக் குழாயை எடுத்த அன்று
முதலில் கேட்டது
படகுக்கு டீசல் போட்டாச்சா என்று.

இருபத்தெட்டாம் நாள் போன் செய்வது என் வேலை.
அந்தப் பக்கம் மீன் ஏலம்,
கடலூர் முதுநகரின் காலைக் கூச்சல்.
"உயிரோட இருக்காரா?"
யாரும் இப்படிக் கேட்கமாட்டார்கள்.
படிவத்தில் இப்படித்தான் இருக்கிறது.

"இருக்காரு.
வலையத் தொட்டா விரல் நடுங்குது.
மிஷின் கத்துதுன்னு ராத்திரி
எழுந்து உக்காந்துக்கிறாரு.
எங்க ஊட்டுல ஏது மிஷினு?
நானும் கூட முழிச்சிக்கிறேன்."

ஆம், இல்லை. இரண்டே கட்டங்கள்.
ஆமில் ஒரு டிக் போட்டேன்.
பேனாவை மூடவில்லை.

எட்டாம் படுக்கையில் அலாரம் அடித்தது.
போனுக்குள் அவள் பேச்சு நின்றது.
ஏலக்காரன் மட்டும் வஞ்சிரத்துக்கு
விலை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"ஏம்மா," என்றாள்,
"இந்தச் சத்தந்தானா?"