இறக்கம்

நான் ஆடுகிறவன் இல்லை.
வேன் என்னுடையது,
தவணை பாக்கி பதினான்கு.
வட்ட அணிகளின் லீக்கில்
ஏற்காட்டுக்கு வெளியூர் ஆட்டம் ஏழு.
ஏழு தடவையும் இருபது கொண்டை ஊசி இறக்கி
இருபது ஏற்றியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

ஆடிக் காற்றில் முதல் ஆட்டம், ஓமலூர்.
ஒன்பதாம் பலகையருகே
தீர்த்தமலை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.
மலையில் பிறந்தவனுக்கு மலை ஒத்துக்காதா என்று
வண்டி முழுக்கச் சிரிப்பு.
வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:
"மலை ஒத்துக்கும்ணா.
இறங்கறதுதான் ஒத்துக்காது."
ஒன்றுக்கு நான்கு.

ஆத்தூரில் சவ்வரிசி ஆலையின் புளித்த வாடை
கோல் கம்பம் வரை வந்து நின்றது.
சங்ககிரியில் லாரிப் பட்டறைக்காரர்கள்
பன்னும் டீயும் கொடுத்து
பக்குவமாக ஐந்து போட்டார்கள்.
மேட்டூரில் வெயில்.
எடப்பாடியில் ஜெயித்தோம்!
அவர்கள் கோலி அன்று மச்சினன் கல்யாணத்தில் இருந்தான்.

இரவில் திரும்பி ஏறும்போது
ஹெட்லைட்டில் பலகைகள் எண்ணிக்கொண்டு வரும்,
இருபதில் ஒன்று, இருபதில் இரண்டு.
தோற்றவனுக்கு எண்கள் ஆகாது.
பின்சீட்டில் யாரோ மெதுவாக,
"இப்ப நம்ம எத்தனாவது?"
நான் கியர் மாற்றுவேன்.
அந்தச் சத்தம் போதும்.

மேலே, ஒண்டிக்கடை தாண்டி எங்கள் மைதானம்;
ஒரு மூலை முழங்கால் உயரம் தாழ்ந்தது.
வந்தவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் திட்டுவார்கள்.
பனி எங்கள் பக்கம் ஆடும் என்று கீழே ஒரு பேச்சு.
பனிக்கு எந்த வட்டம் என்று
நாங்களும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கார்த்திகையில் காப்பி சிவந்தது.
ஞாயிறும் பறிப்பு, லீவு கிடையாது.
வாழப்பாடிக்கு எதிரே ஒன்பது பேர் நின்றோம்.
நின்றோம் என்கிறேன், பாருங்கள்,
நான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருந்தேன்.
இடைவேளை முடிந்து
சரிவிலிருந்து ஓடி வந்தான் சேர்வராயன்,
இடுப்பில் கூடையோடு.
கொடிக்கம்பத்தடியில் கூடையை இறக்கி
பழப்பிசின் விரல்களால் ஜெர்சியை இழுத்து மாட்டி
ஒன்று போட்டான்.
ஆட்டம் முடிந்ததும்
கூடையைத்தான் முதலில் எண்ணிப் பார்த்தான்.

தையில் கடைசி ஆட்டம், கெங்கவல்லி.
சமன் என்றால் நாங்கள் முதல் பிரிவில் தங்குவோம்,
அவர்கள் இறங்குவார்கள்,
இறங்க ஒரு மலைகூட இல்லாதவர்கள்.
ஒன்றுக்கு ஒன்று. எண்பத்து மூன்றாம் நிமிடம்.
ஏரிப் பக்கமிருந்து வந்தது பனி.
முதலில் கொடிக்கம்பம் போனது, பிறகு பந்து,
பிறகு இருபத்திரண்டு பேரும்
வெறும் மூச்சுச் சத்தமானார்கள்.
எங்கோ ஒரு உதை.
வலையா காற்றா, ஏதோ அசைந்தது.

நடுவர் தன் விசிலைத் தேடிப் பிடித்து
கோலை நோக்கி நடந்தார், கேட்பதற்கு.
ஸ்தனிஸ்லாஸ் எங்கள் கோலி,
வாரத்தில் ஆறு நாள் தபால்காரர்.
ஒரு மணியார்டர் தவறவிட்டதில்லை;
பந்து வேறு விஷயம்.
நடுவர் வாய் திறக்கும் முன்பே
அவர் வலைக்குள் குனிந்து
பந்தை எடுத்து
நடுக்கோட்டுக்கு உருட்டிவிட்டார்.

நேர்மை என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.
அவர் என்னிடம் சொன்னது:
"பழக்கம்ப்பா. இந்த வருஷம்
முப்பத்தொரு தடவை செஞ்ச வேலை.
கை தானாப் போச்சு."

டீசல் பாக்கிக்காகச் சேலம் லீக் ஆபீஸுக்குப் போனேன்.
அறிவிப்புப் பலகையில் டைப் அடித்து ஒட்டியிருந்தது:
ஏற்காடு, இரண்டாம் பிரிவுக்கு இரக்கம்.
வல்லினம் வர வேண்டிய இடத்தில்
இடையினம் வந்து உட்கார்ந்திருந்தது.
சட்டைப் பையில் பேனா இருந்தது.
திருத்தவில்லை.

அடுத்த ஆடியில்
காடையாம்பட்டி, பெத்தநாயக்கன்பாளையம், தலைவாசல்.
தலைவாசல் ரொம்பத் தூரம்.
டீசலுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.
தீர்த்தமலைக்கு
ஜன்னலோர சீட்டும்.