நிறை கால், வெறும் கால்

ஐந்தேகாலுக்கு எழும்பி
கதிரைகளைச் சுவரோடு தள்ளிவிட்டு
சீனி டின்னில் போனைச் சாய்த்து வைக்கிறேன்.
சாம்பல் சட்டைக்காரர் வருகிறார்.
அவருக்குப் பின்னால் ஒரு ஏரி.
ஏரிக்குப் பின்னால் ஒரு குளிர்,
திருகோணமலைக்கு வந்தே இராத குளிர்.

லிங்க் அனுப்பியது பாஸ்மியா.
"செவ்வாய்க்கிழமை கிளினிக் லைனில் நிண்டு
மற்றத் தோளும் உறையப் போகுது உங்களுக்கு.
இதைப் பாருங்கோ."

வலது கை
அலமாரியின் இரண்டாம் தட்டோடு நின்றுவிட்டது.
பருப்பு டின் நாலாம் தட்டில்.
தலைமுடியை இவர்தான் கட்டிவிடுகிறார்,
லொறிக்குப் படங்கு இழுத்துக் கட்டுகிற மாதிரி.
கண் இரண்டும் மேலே ஏறிவிடும்.

சீனக்குடாவில் சம்பளம் எடுக்கிறவள்
சீனத்து வித்தை பழகாமல் வேறென்ன பழகுவாள்
என்று மா மில்லில் ஒரு மாதமாக ஒரே பகிடி.
குடாவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால்
பகிடி விட்டவர்களுக்கும் தெரியாது.
எனக்கும்தான்.

திரையின் அடியில் தமிழ் ஓடுகிறது,
மெஷின் பெற்ற தமிழ்:
உங்கள் வாலை மூழ்கடியுங்கள்.
காட்டுக் குதிரையின் மயிரைப் பிரியுங்கள்.
பந்து உள்ளது. பந்தைக் கைவிடாதீர்கள்.
இல்லாத வாலை மூழ்கடிக்கிறேன்.
குதிரையைக் கண்ணால் காணாமலே
மயிரைப் பிரிக்கிறேன்.

அவருடைய இடது எனக்கு வலது.
ஒரு கிழமை முழுக்க
ஒடுங்கின ஒழுங்கையில் எதிரெதிரே வந்த
இரண்டு சைக்கிள் மாதிரித் தடுமாறினோம்.
பிறகு அவர் முதுகு காட்டி நிற்கிற வீடியோ ஒன்று கிடைத்தது.
இப்போது அந்தப் பிடரியை எனக்கு நன்றாகத் தெரியும்,
மச்சம் எங்கே என்பது வரைக்கும்.
கட்டின மனுசனின் பிடரியை
இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

ஒரு வரி மட்டும் பிழையில்லாமல் வந்தது:
எடையை இடது காலுக்கு அனுப்புங்கள்.
வலது காலை வெறுமையாக்குங்கள்.
அதை யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை.
இருபத்திரண்டு வருசம் எடைமேடையில் இருக்கிறவள் நான்.
வெறும் லொறி ஏறும், எழுதுவேன்.
அதே லொறி நிறைந்து வந்து ஏறும், எழுதுவேன்.
கழித்து வருவது மா.
சாரதி கீழே இறங்கினானா என்று
எட்டிப் பார்க்க மறக்கக் கூடாது.

முழங்கால் நடுங்க நடுங்க
என்னை ஒரு காலில் ஏற்றி
மற்றக் காலில் இறக்கிப் பார்க்கிறேன்.
முள்ளு ஓரிடத்தில் நிற்குதில்லை.
சாரதி இன்னும் இறங்கவில்லைப் போல.

ஐப்பசி மழைக்குள் ஒரு விடியல்,
வெள்ளைக் கொக்கு சிறகு விரிக்கிற இடத்தில்
டேட்டா முடிந்தது.
அவர் அப்படியே நின்றார்.
நானும் நின்றேன்.
அரைவாசியில் ஒரு மனுசனை விட்டுவிட்டுப் போவது
மரியாதையாகப் படவில்லை.
சின்ன வட்டம் அவர் நெஞ்சில் சுழன்றுகொண்டிருந்தது.
குசினியில் குக்கர் மூன்றாம் விசில்.
கேற்றடியில் புள்ளிமான் ஒன்று
குப்பைப் பையைக் கிழித்து
பப்பாசித் தோலைச் சப்பிக்கொண்டு
எங்கள் இருவரையும் பார்த்தது.
அவசரமில்லாத சப்பல்.
மூச்சை எண்ணுவதை விட்டுவிட்டு
அதை எண்ணினேன்.

மல்லித்தூள் போத்தல் மூன்றாம் தட்டில் இருக்கிறது.
நேற்று அதை நடுவிரலால் தொட்டேன்.
எடுக்கவில்லை. தொட்டேன்.

இன்று போனில்லாமல் நிற்கிறேன்.
நெஞ்சுக்கு நேரே இரண்டு கையும்,
நடுவில் அந்தப் பந்து.
மோட்டார்சைக்கிள் திறப்பு
எனக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.
சத்தியசீலன் ஹெல்மெட்டோடு வந்து நின்றார்.
"முடிய எவ்வளவு நேரம்?"
நான் வாய் திறக்கவில்லை.
ஒரு எட்டு முன்னால் வைத்தார். நிறுத்தினார்.
பிறகு வயிற்றை எக்கி
முதுகு சுவரில் உரச
பந்தைச் சுற்றி நடந்துபோய்த் திறப்பை எடுத்தார்.
திரும்பி வரும்போதும் சுற்றித்தான் வந்தார்.
சுண்ணாம்பு சேட்டெல்லாம்.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டார்:
"வேலைக்குப் போகேக்கை
அதை எங்கை வைப்பாய்?"